கரந்துறையும் விடைகள்: பிசி முதல் கணிப்பொறி விளையாட்டு வரை

நம் இலக்கிய வட்டம் பத்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில் மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு வட்டத்து அன்பர்கள் கேட்டனர். யாப்பும் அணியுமே நான் பயின்ற துறை. இக்கட்டுரையும் அணியைப் பற்றியதே. ஆயினும் இது தொடங்கும் இடம் ஆம்பூரில் ஒரு வீட்டுத் திண்ணை; சென்று சேரும் இடம் ஒரு கணிப்பொறித் திரை. இவ்விரண்டுக்கும் இடையே தமிழின் மிகப் பழைய இலக்கிய வகைகளுள் ஒன்று இடையறாது ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே நான் கூற விழைவது.

திண்ணையில் கேட்டது

என் தாயைப் பெற்ற ஆயா ஆம்பூரில் வாழ்ந்தவர். மாலை வேளைகளில் தோல் பதனிடும் ஆலைகளின் பக்கமிருந்து ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சுண்ணாம்பும் கலந்த வாடை காற்றோடு வந்து தெருவை நிறைக்கும். மின்சாரம் நின்றுவிட்டால் பிள்ளைகள் அனைவரும் திண்ணைக்கு வந்துவிடுவோம். ஆயா விடுகதை போடுவார். எனக்கு ஏழு அல்லது எட்டு வயது இருக்கும்போது அவர் போட்ட ஒன்று இது:

“உசிரு இருந்தப்ப நாலு காலுல நடந்துச்சு. உசிரு போனப்புறம் ரெண்டு காலுல நடக்குது. அது என்னா, சொல்லு கண்ணு.”

பேய் என்றேன். குரங்கு என்றேன். ஆயா தலையசைத்தார். “நம்ம தெருவுலயே இருக்குது, போய்ப் பாரு” என்றாரே தவிர விடையைச் சொல்லவில்லை. இரண்டு நாள் கெஞ்சியும் பயனில்லை. மூன்றாம் நாள் பள்ளி விட்டு வரும்போது ஒரு வீட்டு வாசற்படியருகே விடையைக் கண்டேன். எத்தனையோ முறை கடந்து சென்ற வாசல்தான். அன்றுதான் முதன்முறையாக அதைப் பார்த்தேன். ஓடிச் சென்று சொன்னேன். ஆயா பாராட்டவில்லை, அடுத்த விடுகதையைத் தொடங்கிவிட்டார்.

அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. விடை காணாமலே நின்றுபோன இரண்டொரு விடுகதைகள் இன்னும் என்னிடம் உள்ளன. அவர் எனக்கு வைத்துச் சென்ற சொத்தில் அவையும் ஒரு பங்கு என்றே கருதுகிறேன்.

தொல்காப்பியர் தந்த இடம்

விடுகதையைச் சிறுவர் பொழுதுபோக்கு என ஒதுக்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என எழுவகை யாப்பினைக் குறிப்பிடுகிறது. இவற்றுள் பிசி என்பதே இன்று நாம் விடுகதை என்று வழங்குவது. பாட்டுக்கும் நூலுக்கும் தந்த வரிசையிலேயே அதனையும் வைத்தார் தொல்காப்பியர். ஈழத்தில் இதனை நொடி என்பர். நம் நாட்டுப்புறங்களில் அழிப்பான் என்றும் வெடி என்றும் வழங்குவதுண்டு. பெயர் பலவாயினும் பொருள் ஒன்றே.

தொல்காப்பியர் பிசியை இரு வகையாகப் பகுத்தார். ஒன்று, உவமையோடு பொருந்தி வருவது. மற்றொன்று, கண்ணுக்குத் தோன்றுவதைக் கூறி அதனைக்கொண்டு மறைபொருளைத் துணியச் செய்வது. யானையை நடக்கும் மலையாகவும் அதன் கொம்பைப் பிறையாகவும் காட்டும் பிசி ஒன்றை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். அதனைக் கேட்பவன் மலை நடக்குமா என்று திகைக்கிறான். பிறகு உலகைப் புதிதாக நோக்குகிறான். உவமையின் ஒரு பாதியை மட்டும் கூறி, மறுபாதியைக் கேட்பவனிடம் விட்டுவிடுவதே பிசி. கவிதையும் பெரும்பாலும் இதையே செய்கிறது என்பதை இம்மலரைப் படிக்கும் கவிஞர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

எழுத்துக்குள் ஒளிந்த எழுத்து

வாய்மொழியில் பிசி செய்ததை ஏட்டில் செய்ய முனைந்தது சித்திரகவி. ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்னும் நால்வகைக் கவிகளுள் ஒன்றாக நம் முன்னோர் இதனை எண்ணினர். 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தண்டியலங்காரம் தன் சொல்லணியியலில் கோமூத்திரி, கூடசதுக்கம், மாலைமாற்று, எழுத்துவருத்தனம், நாகபந்தம், வினாவுத்தரம், காதைகரப்பு, கரந்துறைச்செய்யுள், சக்கரம், சுழிகுளம், சருப்பதோபத்திரம், அக்கரச்சுதகம் எனப் பன்னிரண்டைக் கூறுகிறது. 16-ஆம் நூற்றாண்டில் தோன்றிய மாறனலங்காரம் மேலும் பல வகைகளைச் சேர்த்தது.

இப்பெயர்களை மாணவர் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுகின்றனர். ஆனால் ஒவ்வொரு பெயரும் ஓர் ஒளிவிடத்தின் பெயர். கூடசதுக்கம் என்பது நான்காம் அடியின் எழுத்துகளை முன்மூன்று அடிகளுக்குள் மறைத்து வைப்பது. காதைகரப்பும் கரந்துறைச்செய்யுளும் ஒரு செய்யுளுக்குள் வேறொரு செய்யுளையே குடியிருத்துவன. வினாவுத்தரத்தில் பல வினாக்களுக்கு உரிய சிறு விடைகளை ஒன்றுசேர்த்தால் ஒரு பெயர் எழுந்து நிற்கும். மாலைமாற்று முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றுபோலவே வரும். 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இதனை ஒரு பதிகம் முழுவதும் பாடிக் காட்டினார்.

வடமொழியிலும் இம்மரபு உண்டு. மாகர் இயற்றிய சிசுபாலவதத்தின் பத்தொன்பதாம் சருக்கத்தில் ஒரு சக்கரபந்தம் வருகிறது. அதனைச் சக்கரமாக வரைந்து வட்டங்களில் உள்ள எழுத்துகளைப் படித்தால், இது மாகரின் காவியம் என்னும் செய்தியும் நூலின் பெயரும் வெளிப்படும். ஆசிரியன் தன் பெயரைத் தன் படைப்புக்குள்ளேயே ஒளித்துவைத்து, தேடி வருபவனுக்கு மட்டும் காட்டுகிறான். இச்செய்தியைச் சற்றே நினைவில் வைக்குமாறு வேண்டுகிறேன். பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

சித்திரகவிக்கு மிறைக்கவி என்றும் ஒரு பெயர் உண்டு. மிறை என்றால் வருத்தம், அருமை. இருபதாம் நூற்றாண்டுத் திறனாய்வு இதனைப் பெரிதும் மதிக்கவில்லை. உணர்ச்சியற்றது, எழுத்துக் கணக்கு, கழைக்கூத்து என்றெல்லாம் கூறப்பட்டது. பரிதிமாற்கலைஞர் சித்திரகவி விளக்கம் என்று ஒரு நூலே எழுதியவர். அவர் காட்டிய அக்கறை பின்வந்தோரிடம் தொடரவில்லை. நான் முனைவர் பட்டத்துக்கு இப்பொருளைத் தெரிவு செய்தபோது, மூத்த பேராசிரியர் ஒருவர், “எழுத்து விளையாட்டுக்கு ஒரு பட்டமா, அம்மா?” என்று சிரித்தார். அன்று எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. இன்று சொல்வேன்: “ஆம் ஐயா, விளையாட்டுக்குத்தான்.”

ஒரே தெருவில் இரு மொழி

நம் தோல் வட்டாரத்தில் தமிழ் தனித்து வாழவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விசாரம் ஆகிய ஊர்களில் தமிழும் உருதும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. ஆயாவின் திண்ணைக்கு எதிர்வீட்டுப் பாட்டியும் வந்து அமர்வதுண்டு. இவர் விடுகதை போட்டால் அவர் பஹேலி போடுவார். மொழி பாதி புரியாது. ஆயினும் விடை கிடைத்ததும் இரு வீட்டுச் சிரிப்பும் ஒன்றாகவே எழும்.

பஹேலி என்றதும் நினைவுக்கு வருபவர் அமீர் குஸ்ரோ (1253–1325). அவர் பெயரால் வழங்கும் பஹேலிகளை இரு வகையாகப் பகுப்பர். ஒரு வகையில் விடை கேள்விக்குள்ளேயே ஒரு சொல்லாகவோ எழுத்துச் சேர்க்கையாகவோ ஒளிந்திருக்கும். மற்றொரு வகையில் விடை கேள்விக்கு வெளியே, உலகில் இருக்கும். முன்னது நம் கரந்துறைச்செய்யுளுக்கு உறவு. பின்னது பிசிக்கு உறவு. இரு மொழியினரும் மறைத்தலை இவ்வாறே வகுத்துக்கொண்டது வியப்புக்குரியது. அதற்குச் சான்று தேடி நான் நூலகம் செல்லவேண்டியிருக்கவில்லை. எதிரெதிர் வீடுகளின் திண்ணைகளே போதுமானவையாக இருந்தன.

மறைத்தலின் அறம்

மறைப்பது எல்லாம் நன்றன்று. வில்லிபுத்தூராரையும் அருணகிரிநாதரையும் பற்றிய செவிவழிச் செய்தியை அனைவரும் அறிவர். வாதில் தோற்ற புலவர்தம் செவிகளை வில்லிபுத்தூரார் குறடுகொண்டு அறுத்தார் என்பர். அருணகிரிநாதர் கந்தரந்தாதி பாட, வில்லிபுத்தூரார் உடனுக்குடன் உரை கூறிவந்தார். தகர வருக்க எழுத்துகளால் மட்டுமே அமைந்த ஒரு செய்யுளில் உரை நின்றுபோயிற்று. வென்ற அருணகிரியார் தோற்றவரின் செவியை அறுக்கவில்லை. செவி அறுக்கும் வழக்கையே நிறுத்தினார் என்று கதை முடிகிறது.

இது வரலாறா என்பது வேறு வினா. ஆனால் இக்கதையைக் கூறி வந்த மக்கள் ஒன்றைத் தெளிவாக அறிந்திருந்தனர். புதிர் ஓர் ஆயுதமாகவும் ஆகலாம், ஓர் அழைப்பாகவும் ஆகலாம். எதிரியை வாயடைக்கச் செய்யும் புதிர் செவியை அறுக்கிறது. உள்ளே வரச் சொல்லும் புதிர் கண்ணைத் திறக்கிறது. இரண்டையும் பிரிப்பது எது? விடைக்கு வேண்டியவை அனைத்தும் கேட்பவன் கைக்கு எட்டும் இடத்தில் உள்ளனவா என்பதே அளவுகோல். ஆயாவின் விடுகதைக்கு விடை எங்கள் தெருவிலேயே இருந்தது. அதுவே அதன் நேர்மை.

திரையில் ஏறிய பிசி

இனிக் கணிப்பொறிக்கு வருகிறேன். என் அக்காள் மகன் கணிப்பொறி விளையாட்டுகளில் நாட்டமுடையவன். சுடுவதும் துரத்துவதுமே அவ்விளையாட்டு என்று எண்ணியிருந்த நான், ஒரு விடுமுறையில் அவனருகே அமர்ந்து பார்த்தபோது என் எண்ணம் மாறியது. மறைபொருளையும் கண்டுபிடிப்பையுமே உயிராகக் கொண்ட ஒரு தனி வகை அங்கு வளர்ந்திருக்கிறது.

அதன் தொடக்கக் கதைகளுள் ஒன்று நமக்கு அயலானதன்று. 1980-இல் அட்டாரி நிறுவனம் ‘அட்வெஞ்சர்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. ஆக்கியோர் பெயரை வெளியிடும் வழக்கம் அந்நிறுவனத்தில் அன்று இல்லை. விளையாட்டை ஆக்கிய வாரன் ராபினெட் எவரிடமும் சொல்லாமல் அதற்குள் ஓர் இரகசிய அறையைக் கட்டி, அதில் தம் பெயரைப் பொறித்துவைத்தார். அவர் நிறுவனத்தை விட்டு விலகிய பின்னர், விளையாடிய ஒரு சிறுவன் அந்த அறையைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதினான். அதன் பிறகே நிறுவனத்தார் அறிந்தனர். சக்கரபந்தத்தில் தம் பெயரை ஒளித்த மாகருக்கும் இவருக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி, ஏக்கம் ஒன்றே.

கவிதை எழுதுவோரும் படிப்போரும் ஒருமுறையேனும் ஆடிப்பார்க்கத் தக்கவை என நான் கருதும் நான்கினை ஈண்டுக் கூறுகிறேன்.

முதலாவது, 2019-இல் வெளிவந்த ‘அவுட்டர் வைல்ட்ஸ்’. ஒரு சிறு கதிரவ மண்டலம். 22 நிமிடங்களில் அது அழிகிறது. மீண்டும் தொடக்கத்திலிருந்து எல்லாம் நிகழ்கிறது. ஆடுபவருக்குப் படைக்கலமோ செல்வமோ சேர்வதில்லை. சேர்வது அறிவு ஒன்றே. அறிந்துவிட்டவர் முதல் முறையிலேயே இறுதிவரை சென்றுவிட இயலும். அறியாதவருக்கு வாயில் திறந்திருந்தும் தெரியாது. பிசியின் இலக்கணமும் இதுவன்றோ?

இரண்டாவது, 2018-இல் லூகாஸ் போப் என்பவர் ஆக்கிய ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’. கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டுக் கணக்குக்காக, 1807-இல் ஆளின்றித் திரும்பி வந்த ஒரு கப்பலில் 60 பேருக்கும் என்ன நேர்ந்தது என்பதை ஆடுபவர் கண்டறிய வேண்டும். உடை, பேச்சு, படுக்கை எண் ஆகிய சிறு தடயங்களே துணை. கற்பனைக் கதையே ஆயினும் நமக்கு ஒரு நெருக்கம் உண்டு. தோற்சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகையும் ஒரு காரணமாக, வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது அதற்கு முந்திய ஆண்டு, 1806 ஜூலை 10-இல். அன்று மாண்ட சிப்பாய்களுள் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்? பெயரற்ற உடலுக்குப் பெயரை மீட்டுத் தருவதே அவ்விளையாட்டின் வேலை. ஆம்பூரில் நிருபதுங்கவர்மன் காலத்து நடுகற்களைப் படித்தவர்களுக்கு அவ்வேலையின் கனம் விளங்கும்.

மூன்றாவது, 2022-இல் வெளிவந்த ‘டியூனிக்’. ஒரு சிறு நரி; அறியாத எழுத்தில் எழுதப்பட்ட ஒரு கையேடு; அதன் பக்கங்கள் ஒவ்வொன்றாகக் கிடைக்கின்றன. எழுத்துப் புரியாத நிலையில் படங்களையும் குறிகளையும் கொண்டே பொருள் கொள்ள வேண்டும். இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். தொல்லெழுத்துப் பயிற்சி உடையவள் என்னும் செருக்கோடு அந்த எழுத்தைப் படிக்க முயன்றேன். நான்கு இரவுகள் கழிந்தன. ஐந்தாம் நாள் பொறுமை இழந்து அக்காள் மகனிடம் திறவுகோலைக் கேட்டேன். “வேணாம் சித்தி, நான் சொல்லிட்டா அது உங்களுது இல்லாம போயிடும்” என்றான். கேட்கவில்லை, வேறிடத்தில் தேடி எடுத்துக்கொண்டேன். எழுத்து திறந்தது. படித்தேன். ஆயாவின் விடையைச் சொல்ல ஓடிய அந்த ஓட்டம் மட்டும் வரவில்லை. இழந்ததைத் திரும்பப் பெற வழியில்லை. அறிந்ததை அறியாமல் ஆக்கிக்கொள்ள எவராலும் இயலாது.

நான்காவது நம்முடையது. அதன் பெயரே ‘வெண்பா’. டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. 1980-களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். வெண்பாவின் தாய் தந்த சமையற்குறிப்பேடு கிழிந்தும் மங்கியும் இருக்கிறது; அழிந்த வரிகளை ஆடுபவரே ஊகித்து நிரப்பிச் சமைக்க வேண்டும். இட்டலித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி மேலே செல்லும் என்பது அங்கு ஒரு புதிர். தமிழ் மெல்ல மகனிடமிருந்து நழுவுவது அக்கதையின் துயரம். 2024-இல் பிரித்தானியத் திரைக்கலைக் கழகமாகிய பாஃப்டாவின் அறிமுக விளையாட்டுக்கான விருதினை இது பெற்றது. சிதைந்த ஏட்டின் விடுபட்ட எழுத்துகளை ஊகித்து நிரப்புவது நம் பதிப்பாசிரியர்கள் காலங்காலமாகச் செய்த பணி. அதனையே ஒரு சமையலறையில் வைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

வகுப்பறையில் கண்டது

இவையெல்லாம் பொழுதுபோக்குச் செய்திகளாக நின்றிருக்குமாயின் இக்கட்டுரையை எழுதியிரேன். என் வகுப்பறையில் நிகழ்ந்த ஒன்றே என்னை எழுதத் தூண்டியது.

பல ஆண்டுகளாக நான் சித்திரகவியைக் கற்பித்த முறை இது: இலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதுவேன், செய்யுளை எழுதுவேன், எழுத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைச் சிவப்புச் சுண்ணக்கோலால் நானே வட்டமிட்டுக் காட்டுவேன். மாணவியர் படியெடுத்துக்கொள்வர். எவரும் வியந்ததில்லை. ஒளிந்திருந்ததை ஒளியவிடாமல் பிடித்துக் கொடுத்துவிட்டு, சுவை இல்லை என்று நானும் சேர்ந்து அலுத்துக்கொண்டேன். உணர்ச்சியற்ற கழைக்கூத்து என்று திறனாய்வாளர் கூறியதை ஒவ்வோர் ஆண்டும் மெய்ப்பித்தவள் நானே.

‘டியூனிக்’கில் தோற்ற ஆண்டு முறையை மாற்றினேன். அக்கரச்சுதகம் என்றால் ஒரு சொல்லில் எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்க வேறு வேறு பொருள் தருவது என்று மட்டும் சொன்னேன். எடுத்துக்காட்டுத் தரவில்லை. நாளை ஒரு சொல்லோடு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் பின்வரிசையில் அமரும் ஒரு மாணவி எழுந்தாள். அதிகம் பேசாதவள். அவளுடைய தாய் ஷூ கம்பெனியில் மேற்பகுதி தைக்கும் பிரிவில் வேலை செய்பவர். அவள் கரும்பலகையில் மூன்று சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள்: கவிதை, விதை, தை. வகுப்பு அமைதியாயிற்று. தை என்பதைத் திங்கள் என்று கொண்டு, அறுவடைப் பொருத்தம் நன்று என்றேன். அவள் தலையசைத்து, “இல்லம்மா, எங்கம்மா தைக்கிற தை” என்றாள்.

அச்சொல்லை அவளுக்கு முன்பும் பலர் கண்டிருக்கக்கூடும். அதனால் என்ன? அன்று அதனைக் கண்டவள் அவள். கவிதையின் அடியில் தன் தாயின் கைத்தொழில் ஒளிந்திருப்பதை வேறு எவரும் அவளுக்குக் காட்டித் தந்திருக்க முடியாது. முனைவர் பட்டம் பெற்ற என் கண்ணுக்கே அது தெரியவில்லை. எழுத்து விளையாட்டுக்கு உணர்ச்சி உண்டா என்ற பழைய வினாவுக்கு எனக்குக் கிடைத்த விடை இதுவே.

வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள்

விடைகள் மலிந்த காலம் இது. மாணவர்க்குக் கையேடுகள் உள்ளன. விளையாட்டுகளுக்கு ஒவ்வொரு பூட்டையும் திறந்து காட்டும் காணொளிகள் உள்ளன. உரையைப் பழிக்க நான் வரவில்லை. உரையாசிரியர்கள் இன்றேல் பழந்தமிழ் நமக்கு இல்லை. ஆனால் உரை வரவேண்டிய இடம் தேடலுக்குப் பின். அதற்கு முன் அன்று.

நம் மாதக் கூட்டங்களில் கவிதை வாசிக்க எழுபவர், வாசிக்கும் முன்பே அக்கவிதை எதைப் பற்றியது, எந்தச் சூழலில் பிறந்தது, எந்த வரி எதனைக் குறிக்கிறது என்று விளக்கிவிடுவது பத்து ஆண்டுகளாக நாம் வளர்த்துவிட்ட வழக்கம். நானும் அதனைச் செய்திருக்கிறேன். கேட்பவர்க்கு விளங்காமற் போகுமோ என்னும் அச்சமே காரணம். பதினோராம் ஆண்டில் ஒரே ஒரு கூட்டத்திலாவது, முன்னுரையின்றிக் கவிதையை வாசித்துவிட்டு அமர்ந்து பார்ப்போம். கேட்பவர் திண்ணையைவிட்டு எழுந்து தெருவுக்குச் சென்று தேடட்டும். தேடக் கிடைக்கும் இடத்தில் விடையை வைத்திருக்கிறோமா என்பதை மட்டும் நாம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்வோம்.

மலர்க் குழுவினருக்கும் ஒரு வார்த்தை. இதழ்களில் விடுகதைக்கு விடையைப் பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சிடும் வழக்கம் ஒன்று உண்டு. என் ஆயாவின் விடுகதைக்கு அவ்வாறு செய்யவேண்டாம். ஆம்பூர், வேலூர் அன்பர்களுக்கு அது தேவைப்படாது. மற்றவர்கள் இம்மலரை மூடிவிட்டு வீட்டைவிட்டு வெளியே கிளம்பும்போது, வாசலில் அதனைக் கண்டுகொள்வார்கள்.